மிளகு வாடகை

போன ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்து ராயப்பன்பட்டி ஓய்ந்து கிடந்த ஒரு ராத்திரி, லண்டனிலிருந்து மகள் பேசினாள். பேரனுக்குச் சளி, அங்கே இந்த வருசம் தாங்க முடியாத வெயில் என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் விசயத்துக்கு வந்தாள். "அப்பா, எங்க பிளாட்டுக்கு இன்னும் 82 வருசம்தான் பாக்கி இருக்காம். அவருக்குத் தூக்கமே வரல. நீங்க கொஞ்சம் பேசுங்க."

எனக்கு 76 நடக்கிறது. 82 வருசத்தை நினைத்துத் தூக்கம் கெடுகிற ஒரு மருமகன் வாய்த்ததை எண்ணிச் சிரித்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கவில்லை.

"கம்பத்து வீட்டை மறந்துட்டீகளாக்கும்" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை.

நான் பத்திர எழுத்தராக இருந்தவன். உத்தமபாளையத்தில் ஒரு சாய்ப்புக் கொட்டகை, ஒரு மேசை, பிறகு ஒரு டைப்ரைட்டர், கடைசியில் கம்ப்யூட்டர் என்று 38 வருசம் ஓட்டினேன். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, ஒத்தி, குத்தகை என்று பள்ளத்தாக்கில் நான் எழுதாத தினுசு கிடையாது. காலம் குறித்த பத்திரம் எதை எழுதினாலும், கட்சிக்காரரிடம் கொடுக்கும்போது, "முடியறதுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே வந்து புதுப்பிச்சுக்கங்க" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. ஊருக்கெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்குச் சொல்ல ஆள் இல்லை.

1984-இல் என் மனைவி கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். ராத்திரி வேலை முடித்து ஊர் திரும்புவது சிரமமாக இருந்ததால் அங்கேயே ஒரு வீடு பார்த்தோம். 15,000 ரூபாய்க்கு மூன்று வருச ஒத்தி. சென்னைக்காரர்கள் இதை லீசு என்பார்கள். எங்கள் பக்கம் ஒத்தி. மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடியேறுவோம், வாடகை கிடையாது, பணத்துக்கு வட்டி கிடையாது, கெடு முடிந்ததும் அவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், நாம் சாவியைத் திருப்பித் தர வேண்டும். மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று வீட்டுக்காரருக்கு ஒரு செலவு வந்திருக்கும். நமக்கு மாதாமாதம் வாடகை கொடுக்க மனமோ வசதியோ இருக்காது. இரண்டு தேவைகள் சந்தித்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி எதுவும் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும் என்று 1882-ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. இது எனக்கு மனப்பாடம். ஆனாலும் முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க, ஒரு முத்திரைத்தாளில் நானே எழுதி, இரண்டு சாட்சி போட்டு, பதிவு செய்யாமல் பெட்டியில் வைத்தேன். பதிவு செய்த ஒத்தியாக இருந்தால் பணம் கைக்கு வரும்வரை வீட்டில் இருக்கலாம். அது சட்டம் தரும் உரிமை. என் கையில் இருந்தது வெறும் நம்பிக்கை.

1987-இல் மூன்று வருசம் முடிந்தது. போய்க் கேட்டேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். "இருங்க தம்பி, உங்களை யாரு போகச் சொன்னா? நீங்க இருக்கிற வரைக்கும் இருங்க" என்றார். காப்பி கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே பத்திரத்தின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். கூச்சம். பெரிய மனிதர் வாயால் சொன்ன பிறகு தாளை நீட்டுவது அவரைச் சந்தேகப்படுவதுபோல ஆகிவிடாதா? இந்தக் கூச்சம்தான் எங்கள் பக்கத்து உரிமையியல் வழக்குகளில் பாதிக்குத் தாய் தகப்பன் என்பேன்.

1993-இல் அவர் இறந்தார். பதினாறாம் நாள் கழித்து இரண்டு மகன்களும் வந்தார்கள். பத்திரத்தைப் பார்த்தார்கள். "மூணு வருசம்னுதான எழுதியிருக்கு. அதுக்கப்புறம் ஆறு வருசம் வாடகை இல்லாம இருந்திருக்கீங்க. கணக்குப் பாத்தா நீங்கதான் எங்களுக்குத் தரணும்" என்றார் பெரியவர். நான் 38 வருசத் தொழிலில் அப்படி வாயடைத்து நின்றது அன்றைக்குத்தான். உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தார்கள். வெள்ளைச் சேலை. "உங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்குன பணம்டா அது. அவ சங்கிலி அதுலதான் செஞ்சது. குடுத்து அனுப்புங்க" என்றார்கள். அவ்வளவுதான். மறு வாரம் 15,000 ரூபாயும் வந்துவிட்டது.

ஆனால் அந்த 15,000 ரூபாய் 1984-இல் நான் கொடுத்த 15,000 ரூபாய் இல்லை. அதே தெருவில் அந்தப் பணத்துக்கு ஒரு அறைகூட ஒத்திக்குக் கிடைக்கவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கே திரும்பினோம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என் மனைவி விடியற்கால முதல் பஸ்சில்தான் வேலைக்குப் போனாள். "கம்பத்து வீடு" என்று அவள் சொன்னால் அதில் இத்தனையும் அடக்கம்.

அதனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுநாள் நானே மருமகனைக் கூப்பிட்டேன்.

அவர் ஆனைமலையன்பட்டிக்காரர், நிதானமான பையன். பொறுமையாக விளக்கினார். இங்கிலாந்தில் பிளாட் வாங்குவது என்பது பெரும்பாலும் வீட்டை வாங்குவதில்லையாம். அதில் இத்தனை வருசம் இருக்கும் உரிமையை வாங்குவதாம். நிலம் வேறொருவருடையது. எனக்கு இது புதிதில்லை. ஸ்ரீரங்கத்தில் கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கும் கோயிலுக்கும் காலங்காலமாக நடக்கிற அடிமனைப் பிரச்சினை ஊரறிந்தது. கட்டடம் இவருடையது, அடிமனை அவருடையது. நம் ஊரில் கோயில் சொத்தை ஐந்து வருசத்துக்கு மேல் குத்தகைக்கு விடவேண்டுமானால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும் என்று 1959-ஆம் வருசச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே 99 வருசம், 125 வருசம் என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகனின் அரசு வீடும் 99 வருசக் கணக்குத்தான்.

"சரி, 82 வருசம் இருக்கே மாப்ளே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

"80-க்குக் கீழ போயிட்டா மேரேஜ் வேல்யூன்னு ஒண்ணு சேந்துரும் மாமா."

கல்யாண மதிப்பு! காதில் சரியாக விழவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். விசயம் இதுதான். வருசம் குறையக் குறைய அந்த பிளாட்டின் விலை இறங்கும். வாங்க வருகிறவருக்கு வங்கிக்காரன் கடன் கொடுக்கத் தயங்குவான். கெடுவை நீட்டிவிட்டால் விலை ஏறும். நிலத்துக்காரர் பங்கும் குடியிருப்பவர் பங்கும் ஒன்றோடு ஒன்று சேர்ந்ததால் ஏறிய அந்த விலைக்குத்தான் கல்யாண மதிப்பு என்று பெயர். பாக்கி 80 வருசத்துக்கு மேல் இருந்தால் அதில் நிலத்துக்காரருக்குப் பங்கு இல்லை. 80-ஐத் தொட்டுவிட்டால் பாதி அவருக்கு. கல்யாணம் என்று வந்தால் எந்தத் தேசத்திலும் சீர் கேட்கத்தான் செய்கிறார்கள்.

1993-ஆம் வருசம் அங்கே போட்ட ஒரு சட்டப்படி, குடியிருப்பவர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, அதற்கான விலையையும் இரு தரப்பு நியாயமான செலவையும் கொடுத்தால், பாக்கியிருக்கும் காலத்தோடு இன்னும் 90 வருசத்தை நிலத்துக்காரர் சேர்த்துக் கொடுத்தே ஆகவேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. விலையில் இழுபறி என்றால் தீர்த்து வைக்கத் தீர்ப்பாயம் இருக்கிறது. 1993 என்றதும் எனக்கு நெஞ்சில் ஒரு சுருக். கம்பத்துத் தெருவில் நான் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அதே வருசம். 2024-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. 90-ஐ 990 ஆக்கி, கல்யாண மதிப்பையும் எடுத்துவிடுவதாக. ஆனால் சட்டம் நிறைவேறியும் அந்தப் பிரிவுகள் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. மருமகனின் தூக்கம் கெட்டது அங்கேதான். புதுச் சட்டம் அமலுக்கு வரக் காத்திருந்தால் மிச்சம். வருவதற்குள் 80 கடந்துவிட்டால் நட்டம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கேட்டேன்.

சாயங்காலம் சண்முகாநதி அணைப் பக்கம் ஒரு நடை போனேன். வழியெல்லாம் திராட்சைப் பந்தல். எங்கள் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரன் யாரும் ஒரு கட்டுரையை முடிக்கமாட்டான். தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடிப்பவர்களை நான் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். முதல் வருசக் குத்தகைக்காரன் சாய்ந்த கல்தூணை நிமிர்த்துவான், அறுந்த கம்பியை மாற்றுவான், வண்டி வண்டியாக எருப் போடுவான். கடைசி வருசக்காரன் கவாத்து அடிக்கும்போதே தெரிந்துவிடும். அடுத்த வெட்டுக்கு நாம் இருக்கமாட்டோம் என்று நினைக்கிறவனின் கத்தி வேறு மாதிரி விழும். கொடியைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. கடைசி வருசம் தொடங்குவதற்கு முன்பே "இன்னும் மூணு வருசம் நீயே பாரு" என்று சொல்லி எழுதிக் கொடுத்த தோட்டக்காரரின் கொடி காய்த்துக்கொண்டே இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போது குத்தகைத் தொகையைக் கொஞ்சம் ஏற்றியும் கேட்பார்; இவனும் மனக்கசப்பு இல்லாமல் கொடுப்பான். கெடு முடிந்தபிறகு கேட்டால் அதே தொகை வட்டிக்காரன் குரலில் வரும்.

குத்தகை என்று வந்தபிறகு மேற்கே நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியுமா? எங்கள் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரும் குத்தகைத் தண்ணீரில்தான் விளைகிறது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசாங்கத்துக்கும் நடந்த பெரியாறு குத்தகை ஒப்பந்தம் 999 வருசத்துக்கு. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருசம் 40,000 ரூபாய். 999 முடிந்ததும் குத்தகை பிடித்தவர் விரும்பினால் இன்னொரு 999 வருசம் நீட்டித்துக் கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பத்திர எழுத்தன் கண்ணோடு பார்த்தால் அசந்துபோவேன். நீட்டிப்பை முதல் பத்திரத்திலேயே எழுதி வாங்கியவன் கைகாரன். இன்ஜினியர் பென்னிகுவிக் பெரியாற்று அணையைக் கட்டி முடித்தது 1895-இல். தை முதல் தேதியை ஒட்டி ஜனவரி 15-இல் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள் எங்கள் சனங்கள். நானும் லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போய்க் கும்பிட்டிருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தை எழுதிய குமாஸ்தாவுக்கு யாரும் ஒரு பானை வைக்கவில்லை என்பது என் தொழில் வருத்தம்.

ஆனால் கம்பத்து வீட்டில் அடிபட்டவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த 5 ரூபாயை ஒருவரும் தொடாமல் அப்படியே வைத்திருந்தார்கள். பாசனத்துக்கு என்று வாங்கிய தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்று தகராறு வந்து, அது மத்தியஸ்தத்துக்குப் போய், 1941-இல் திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்பானது. பிறகு 1970 மே 29-இல்தான் தமிழ்நாடும் கேரளமும் உட்கார்ந்து துணை ஒப்பந்தம் எழுதின. ஏக்கருக்கு 30 ரூபாய் என்று உயர்த்தி, அதையும் 1954-இலிருந்து கணக்கிட்டார்கள். மின்சாரத்துக்குத் தனியாக ஒரு தொகை. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்குப் போனது. 999 வருச ஒப்பந்தத்துக்கு 84-ஆவது வருசத்தில் ஒரு திருத்தம். காலம் முடிய இன்னும் 915 வருசம் இருக்கும்போது.

நான் அந்த 1970 ஒப்பந்தத்தை மதிக்கிறவன். அணையின் பலம், நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்று எத்தனையோ சண்டை பிறகு வந்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று தீர்ப்புச் சொன்னபோது, 1947-இல் வெள்ளைக்காரன் போனதோடு இந்தக் குத்தகை செத்துப்போகவில்லை, செல்லும் என்றும் சொன்னது. ஆனால் 5 ரூபாயிலேயே நாம் பிடிவாதமாக இருந்திருந்தால் மலைக்கு அந்தப் பக்கத்து மனிதன் நம்மை என்ன நினைத்திருப்பான்? 15,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெரிய மகன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததில் நியாயமும் இருந்தது. அவர் வீட்டில் ஒன்பது வருசம் பழைய விலையில் இருந்தவன்தானே நான்! 1987-இல் நானாக ஒரு ஐயாயிரத்தைச் சேர்த்துக் கொடுத்துப் புதுப் பத்திரம் எழுதியிருந்தால் அவருக்கும் மனசு ஆறியிருக்கும், எனக்கும் கையில் தாள் இருந்திருக்கும். இது புத்தியில் உறைக்க எனக்கு முப்பது வருசம் ஆனது.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமும் நினைவுக்கு வந்தது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 8,373 ஏக்கர் சொச்சத்தை 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. கெடு 2028 பிப்ரவரியில் முடிகிறது. இடையில் ஜமீன் ஒழிந்தது. நிலம் அரசாங்கத்துடையதாகி, காப்புக்காடாகவும் அறிவிக்கப்பட்டது. 2024-இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை முடிக்கத் தொடங்கியது. நாலு தலைமுறையாக லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த வருசம் டிசம்பரில் அவர்கள் மனுக்கள் தள்ளுபடியாயின. காடு காடாகத் திரும்புவது நல்லதுதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் 99 வருசப் பத்திரத்தில் அவர்கள் பெயர் எந்த இடத்திலும் இல்லை. கட்சிக்காரராகவும் இல்லை, சாட்சியாகவும் இல்லை. குத்தகைக்காரர் வீட்டுத் திண்ணையில் குடியிருந்தவர்களுக்குக் கெடு எப்போது என்று யாரும் வருசா வருசம் சொல்லிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரிலும் கேலாங் பகுதியில் 191 வீடுகளின் 60 வருசக் குத்தகை 2020 டிசம்பர் 31-ஆம் தேதி முடிந்து, இழப்பீடு இல்லாமல் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பியது. தங்கை மகன் இதைச் சொன்னபோது அவன் குரலில் முதல்தடவையாகத் தன் வீட்டின் வயதைக் கணக்கிடுகிற ஒரு நடுக்கம் கேட்டது.

மூன்றாம் நாள் மருமகனைக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, புதுச் சட்டம் வரும்போது வரட்டும். இப்ப இருக்கிற சட்டத்துல நோட்டீஸ் குடுங்க. 82 இருக்கும்போது நீங்க கேக்கிறீங்க. 79 ஆயிட்டா கெஞ்சுறீங்க."

"காத்திருந்தா மிச்சமாகலாம் மாமா."

"ஆகலாம். நானும் கம்பத்துல முத்திரைத்தாள் செலவு மிச்சம்னுதான் இருந்தேன்."

கம்பத்துக் கதையை அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். மாமனார் தோற்ற கதையைக் கேட்கிற மருமகன் நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வக்கீல் வைத்து, மதிப்பீட்டாளர் வைத்து நோட்டீஸ் கொடுத்தார். நிலத்துக்காரர் தரப்பில் அதிகமாகக் கேட்டு, இவர்கள் குறைத்துச் சொல்லி, உத்தமபாளையம் டீக்கடையில் நடக்கிற மாதிரியே நடந்து ஒரு தொகைக்கு வந்தார்கள். மகள் தன் வளையலில் இரண்டைக் கழற்றினாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதுப் பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்பினாள். தொழில் பழக்கம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். இங்கிலீஷ் பத்திரம்தான், ஆனால் பத்திரம் எழுதுகிறவன் புத்தி எல்லாப் பாசையிலும் ஒன்றுதான். 82-ம் 90-ம் சேர்ந்து 172 வருசம். அடிமனை வாடகை என்ற இடத்துக்கு வந்தேன். ஒரு மிளகு என்று இருந்தது. வருசத்துக்கு ஒரு மிளகு, அதுவும் கேட்டால்.

மருமகனிடம் கேட்டேன். அங்கே பழங்காலத்திலிருந்து வழக்கமாம். ஒப்பந்தம் செல்லுபடியாக ஏதாவது ஒரு கைம்மாறு இருக்கவேண்டும் அல்லவா, அதற்குப் பெயருக்கு ஒரு மிளகு. யாரும் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பத்திரத்தில் எழுதியபிறகு வாடகை கையில் இருக்கவேண்டும். எந்த வருசம் எந்த வாரிசு வந்து நின்று கேட்பான் என்று யார் கண்டது?

மறு வாரம் குமுளிக்குப் போகிற வேலை இருந்தது. அங்கே நல்ல காரமான மலை மிளகாகப் பார்த்துக் கால் கிலோ வாங்கி, நம் ஊரிலிருந்து லண்டன் கிளம்பிய ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினேன். பேரன் தரையில் உட்கார்ந்து 172 மிளகை எண்ணி ஒரு பழைய ஜாம் பாட்டிலில் போட்டு, மேலே காகிதம் ஒட்டி, வாடகை என்று தமிழில் எழுதியிருக்கிறான்; 'வா'வுக்குக் காலை விட்டுவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டினான். பாட்டிலில் பாதிக்கு மேல் காணோம்.

"என்னடா, அதுக்குள்ள நிலத்துக்காரர் வந்துட்டாரா?"

"இல்ல தாத்தா. அம்மாவுக்குச் சளி. ரசம் வச்சுட்டாங்க."